லேத் மோட்டாரும் டிரைவும்: எண்களை மாற்றும் முன் டெர்மினல் பெட்டியைத் திறங்கள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் லேத் பட்டறை நடத்தும் நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது. மும்முனை இணைப்பு வரும்வரை காத்திருக்க முடியாமல், பழைய லேத்தின் 2 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை, ஒருமுனை 230 வோல்ட்டில் இயங்கும் 2.2 கிலோவாட் டிரைவ் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவி) ஒன்றில் இணைத்திருக்கிறீர்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 1.5 கிலோவாட், 415 வோல்ட், 3.4 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், 1415 சுற்று என்று இருக்கிறது. சும்மா ஓடும்போது குறை எதுவும் தெரியவில்லை. 50 ஹெர்ட்ஸில் டிரைவின் திரை 0.9 ஆம்பியர் காட்டுகிறது. டூலைச் சற்று ஆழமாகக் கொடுத்தால், ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக் திணறுகிறது, பிறகு ஓவர்லோடு என்று டிரிப் ஆகிறது. டார்க் பூஸ்ட்டை 15 சதவீதம் வரை ஏற்றியும் பயனில்லை. நிறுத்தும்போது சில வேளை ஓவர்வோல்ட்டேஜ் டிரிப் ஆகிறது. சில நாள் காலையில் ஈ.எல்.சி.பி.யும் (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது. எந்த எண்ணை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் முதல் கோளாறு எண்களில் இல்லை என்பது என் கணிப்பு. அதற்கான சான்று நீங்களே எழுதிய 0.9 ஆம்பியரில் இருக்கிறது. நான்கு போல் (காந்த முனை) கொண்ட 2 குதிரைத்திறன் மோட்டார் லோடு இல்லாமல் ஓடும்போதும் தன் முழு மின்னோட்டத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கும், ஏனென்றால் காந்தப்புலத்தை உண்டாக்கவே அவ்வளவு தேவைப்படுகிறது. 415 வோல்ட்டில் ஓடினால் உங்கள் மோட்டார் சும்மா இருக்கையிலேயே 1.7 ஆம்பியர் அளவில் இழுத்திருக்க வேண்டும். 0.9 என்றால் காந்தப்புலம் பாதிதான் எழுந்திருக்கிறது, அதாவது ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களும் ஒரு முனையில் ஒன்றாக முடிச்சிடப்பட்ட இணைப்பு) இருக்கும் மோட்டாருக்கு 230 வோல்ட் மட்டுமே போய்க்கொண்டிருக்கிறது. ஒருமுனை 230 வோல்ட் டிரைவ் மும்முனையை உண்டாக்கித் தரும். ஆனால் அந்த மும்முனையின் முனைகளுக்கிடையே 230 வோல்ட்தான் இருக்கும், 415 இருக்காது. வாங்கும்போது கடையில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டாரின் உச்ச இழுவிசை (டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் வலு), மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230ஐ 415ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.31 வருகிறது. வழக்கமாகத் தன் முழு லோடைப் போல இரண்டேகால், இரண்டரை மடங்கு வரை தாங்கிப் பிடிக்கக்கூடிய மோட்டார், இந்த நிலையில் முழு லோடின் முக்கால் பங்கை ஒட்டிய அளவுக்கு மேல் தாங்க முடியாமல் போகிறது. ஆழமான வெட்டு கொடுத்ததும் அது பின்தங்குகிறது, பின்தங்கியதும் மின்னோட்டம் ஏறுகிறது, நீங்கள் 3.4 என்று சரியாகவே கொடுத்திருக்கும் பாதுகாப்பு எல்லையைத் தாண்டியதும் டிரைவ் டிரிப் ஆகிறது. டிரைவ் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. இந்த இடத்தில் பலரும் அந்த எல்லையை 6 அல்லது 8 என்று உயர்த்தி டிரிப்பை நிறுத்திவிடுவார்கள். காயில் கருகும் வாசம் வந்த பிறகுதான் தவறு தெரியும். இணைப்பை மாற்றாமல் அந்த எண்ணை ஏற்றிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது டெர்மினல் பெட்டியைத் திறப்பது. அதற்கு முன் எம்.சி.பி.யை அணைத்து, டிரைவில் சார்ஜ் விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் 325 வோல்ட் நேர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருப்பவை. பெட்டிக்குள் இரண்டு வரிசையில் ஆறு போல்ட்டுகள் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கீழ் வரிசையில் யூ1, வி1, டபிள்யூ1 என்றும், மேல் வரிசையில் டபிள்யூ2, யூ2, வி2 என்றும் குறித்திருக்கும். மேல் வரிசை மூன்றையும் பித்தளைப் பட்டைகள் கிடையாகச் சேர்த்திருந்தால் அது ஸ்டார். அந்தப் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று சோடிகளாகச் செங்குத்தாகப் போட்டால் டெல்டா. யூ1 மேலே உள்ள டபிள்யூ2வோடும், வி1 யூ2வோடும், டபிள்யூ1 வி2வோடும் சேரும். டிரைவிலிருந்து வரும் மூன்று ஒயர்களும் கீழ் வரிசையிலேயே இருக்கட்டும். வாஷர்களின் வரிசையைக் கவனித்து, பட்டை நேரடியாக ஒயர் நுனியில் உள்ள லக்கின் மீது அமரும்படி இறுக்குங்கள். தளர்ந்த ஒரு நட்டு, பிறகு அவுட்புட் ஃபேஸ் விடுபட்டது என்ற டிரிப்பாக வந்து நாள் முழுக்க அலைக்கழிக்கும்.

நம் நாட்டில் விற்கும் பொதுப்பயன் மோட்டார்களில் 3 குதிரைத்திறன் வரை 415 வோல்ட்டுக்கு ஸ்டாரிலும், 5 குதிரைத்திறனிலிருந்து 415 வோல்ட்டுக்கு டெல்டாவிலும் கட்டி வருவது வழக்கம். ஸ்டாரில் 415 வோல்ட் கொடுத்தாலும் ஒவ்வொரு காயிலுக்கும் ஏறக்குறைய 240தான் போகும், டெல்டாவில் கொடுக்கும் மின்னழுத்தம் முழுதும் காயிலுக்கே போகும். ஆகவே 2 குதிரைத்திறன் மோட்டாரை 230 வோல்ட்டுக்கு டெல்டாவாக மாற்ற முடிகிறது. 5 குதிரைத்திறன் மோட்டாரோடு இந்த வழி செல்லாது. பெட்டியில் மூன்றே முனைகள் வெளியே வந்திருந்தால், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே புதைந்திருக்கிறது என்று பொருள். காயில் கட்டுபவரிடம் கொடுத்தால் அந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தருவார். வார்னிஷ் காய்ந்து நொறுங்கும் பழைய காயில் என்றால் பிரிக்கும்போது உடையும் வாய்ப்பு உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே, டிரைவோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிலையில், 500 வோல்ட் மெகரால் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் இடையே சோதித்துவிடுங்கள். டிரைவ் மாட்டியிருக்கும்போது மெகர் போட்டால் டிரைவின் உள்பாகங்கள் போய்விடும்.

டெல்டாவுக்கு மாறியதும் எண்களின் முறை வருகிறது, ஏனென்றால் மோட்டார் இப்போது வேறு மோட்டார். பெயர்ப்பலகையின் 3.4 ஆம்பியர் 415 வோல்ட்டுக்கானது. டெல்டாவில் அது 1.732ஆல் பெருகி 5.9 ஆகும். மோட்டார் மின்னோட்டம் 5.9, மோட்டார் மின்னழுத்தம் 230, அடிப்படை அதிர்வெண் 50, போல் 4, வேகம் 1415 என்று கொடுங்கள். இவற்றைக் கொடுக்காமல் விட்டால், 3 குதிரைத்திறன் டிரைவ் தன் சொந்த அளவான 10 ஆம்பியரைத்தான் மோட்டாரின் அளவாக எடுத்துக்கொள்ளும். அப்போது காயில் வெந்தாலும் ஓவர்லோடு டிரிப் வராது.

அடிப்படை அதிர்வெண் என்ற எண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த இழுவிசைப் புகார்களில் இணைப்புக் கோளாறுக்கு அடுத்தபடியாக நிற்பது இதுதான். டிரைவ் தன் முழு மின்னழுத்தத்தை எந்த அதிர்வெண்ணில் எட்ட வேண்டும் என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அது 60 என்று இருந்தால், 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது 230க்குப் பதில் 192 வோல்ட்தான் போகும். உச்ச இழுவிசை 69 சதவீதமாகக் குறையும். மரம் செதுக்கும் ரவுட்டர் ஸ்பிண்டிலுக்காக 400 ஹெர்ட்ஸ் என்று அமைத்து அனுப்பிய மலிவு டிரைவ்களும் சந்தையில் உண்டு. அவற்றில் 50 ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு பங்கு மின்னழுத்தமே வரும். மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும். உச்ச அதிர்வெண்ணும் அடிப்படை அதிர்வெண்ணும் வெவ்வேறு எண்கள். உச்சத்தை 60 என்று வைத்தாலும் அடிப்படை 50ஆகவே இருக்க வேண்டும்.

டார்க் பூஸ்ட்டை 15லிருந்து 3க்கு இறக்குங்கள். குறைந்த வேகத்தில் காயிலின் தடையால் இழக்கப்படும் சில வோல்ட்டை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. அதை அளவுக்கு மீறி ஏற்றினால் மோட்டாரின் இரும்பு காந்தத்தால் நிறைவடைந்து, இழுவிசை கூடாமல் வெப்பம் மட்டும் கூடும். பெல்ட்டைக் கழற்றி 5 ஹெர்ட்ஸில் ஓடவிட்டுத் திரையில் ஆம்பியரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் சும்மா ஓடும்போது வரும் அளவை ஒட்டியே இருந்தால் சரி, 5.9ஐ நெருங்கினால் பூஸ்ட் மிகை. உங்கள் டிரைவில் சென்சார் இல்லாத வெக்டார் முறை இருந்தால், பூஸ்ட்டோடு போராடாமல் அதைத் தேர்ந்தெடுத்து ஆட்டோ டியூனிங் (டிரைவ் தானே மோட்டாரை அளந்து தன்னை அமைத்துக்கொள்வது) செய்வது நல்லது. ஸ்டாரில் இருந்தபோது டியூனிங் செய்திருந்தால் அது இனி உதவாது, ஏனென்றால் முனைகளுக்கிடையே அளக்கும் காயில் தடை டெல்டாவில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. சுழற்றிச் செய்யும் டியூனிங்கைப் பெல்ட் இல்லாமல் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியானாலும் ஓர் எதிர்பார்ப்பை நீங்கள் கைவிட வேண்டியிருக்கும். வேகத்தைக் குறைத்தால் வலு கூடும் என்பது கியரின் குணம், டிரைவின் குணம் அன்று. பேக் கியரில் (லேத்தில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதி) போட்டு வேகத்தை ஆறில் ஒன்றாக்கினால், உராய்வுக்குப் போனது போக, சக்கில் இழுவிசை ஏறக்குறைய ஆறு மடங்காகும். டிரைவில் 50லிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இழுவிசை மிஞ்சிப்போனால் அதே அளவில் நிற்கும், திறன் 1.5 கிலோவாட்டிலிருந்து 0.3 கிலோவாட்டாகிவிடும். பெரிய விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஜாப்பை 10 ஹெர்ட்ஸில் கடைய நினைப்பது மோட்டாரை வதைப்பதாகும். அந்த வேலைக்குக் கோன் புல்லியின் படியை மாற்றுங்கள், பேக் கியரைப் போடுங்கள், டிரைவை 35க்கும் 55க்கும் இடையில் வைத்துக்கொண்டு கண்ணுக்கும் காதுக்கும் இசைவாக வேகத்தைத் திருத்துங்கள். டிரைவ் வந்ததும் பெல்ட் மாற்றுவதையே மறந்துவிட்ட பட்டறைகளில்தான் மோட்டார்கள் அதிகம் எரிகின்றன. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், 20, 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்று மிகவும் குறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழே இருக்கும் சேலத்துப் பட்டறையில் அந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும். நெடுநேரம் மெதுவாக ஓட்டியே தீர வேண்டுமென்றால் மோட்டாரின் பின்புறம் தனி விசிறி ஒன்றை, டிரைவின் வழியாக இல்லாமல் நேராக லைனிலிருந்து மின்சாரம் எடுத்து, வைத்துவிடுங்கள்.

நிறுத்தும்போது வரும் ஓவர்வோல்ட்டேஜ் டிரிப்புக்கும் மேலே சொன்னவற்றுக்கும் தொடர்பில்லை. சுழலும் சக்கை டிரைவ் இழுத்து நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகி, சக்கில் இருந்த ஆற்றலை டிரைவுக்குள் திருப்பித் தள்ளுகிறது. உள்ளே 325 வோல்ட்டில் இருந்த கெபாசிட்டர்கள் 400ஐ ஒட்டி ஏறியதும் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிடுகிறது, சக் தன் போக்கில் சுற்றி நிற்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதால்தான் மெதுவான வேகத்தில் வராத டிரிப் உயர் வேகத்தில் வருகிறது. நிறுத்தும் நேரம் 2 நொடி என்று இருந்தால் 7 அல்லது 8 நொடியாக்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும். விரைவாக நிற்க வேண்டுமென்றால், உங்கள் டிரைவில் பிரேக் ரெசிஸ்டருக்கான முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, கையேட்டில் சொன்ன ஓம் அளவுக்குக் குறையாத ரெசிஸ்டரை மாட்டலாம். அப்போது நிறுத்தும்போதான ஓவர்வோல்ட்டேஜ் ஸ்டால் தடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் ரெசிஸ்டர் வேலை செய்யும் முன்பே அது குறுக்கிட்டு நேரத்தை நீட்டும்.

அதற்கு முன் ஸ்பிண்டிலின் மூக்கை, அதாவது சக் மாட்டும் முனையை, பாருங்கள். நம் ஊர்ப் பழைய லேத்துகள் பலவற்றில் சக், மரை போட்ட ஸ்பிண்டிலில் திருகித்தான் மாட்டப்பட்டிருக்கும். வெட்டும் விசை அதை இறுக்கும். திடீரென நிறுத்தினாலோ ஓடிக்கொண்டிருக்கையில் ரிவர்ஸ் கொடுத்தாலோ சக் தன் வேகத்தால் மரையைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும். இருபது, முப்பது கிலோ எடையுள்ள சக் சுழன்றுகொண்டே லேத்தின் அடித்தளமான பெட்டின் மீது விழுவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நின்றிருந்த பையனின் காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. உங்கள் லேத் அப்படிப்பட்டது என்றால் ரெசிஸ்டர் வேண்டாம், நிறுத்தும் நேரம் நீளமாகவே இருக்கட்டும், ரிவர்ஸ் ஓட்டத்தை அதற்கான பாராமீட்டரில் தடை செய்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்ததும் தானே புறப்படும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். ஜாப்பை அளந்துகொண்டிருக்கும் கை அங்கே இருக்கக்கூடும்.

லேத்தில் ஏற்கெனவே இருக்கும் முன்பின் சுவிட்ச்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டிருந்தால், அதை எடுத்துவிடுங்கள். ஓடும்போது அந்தச் சுவிட்ச்சைத் திறந்து மூடினால் டிரைவ் ஓவர்கரண்ட் டிரிப் ஆகும், சில முறைக்குப் பின் டிரைவே போய்விடும். அதே சுவிட்ச்சை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்குச் சிறு ஒயரால் இணைத்து, ஓட்டக் கட்டளை வெளி முனைகளிலிருந்து என்று மாற்றினால் பழகிய கைப்பிடியிலேயே லேத்தை இயக்கலாம். எம்.சி.பி.யைப் போட்டும் அணைத்தும் மோட்டாரை இயக்கும் பழக்கமும் கூடாது.

ஈ.எல்.சி.பி. விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழுது அன்று. டிரைவின் உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டியும், மோட்டார் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே உயர் அதிர்வெண்ணில் கசியும் மின்னோட்டமும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியரை எட்டிவிடுகின்றன. இரவின் ஈரம் இறங்கிய காலையில் இது கூடுதலாகத் தெரியும். முதலில் மோட்டாரை மெகரில் சோதித்து உண்மையான கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கேரியர் அதிர்வெண்ணை (டிரைவ் தன் வெளியீட்டைத் துண்டு துண்டாக வெட்டும் வேகம்) 4 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குங்கள். மோட்டார் சற்றுக் கீச்சிடும், ஆனால் கசிவும் டிரைவின் சூடும் குறையும். மோட்டார் ஒயரைச் சுருக்குங்கள். டிரைவுக்குத் தனி வழி இழுத்து, தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த வகைக் கருவியைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். டிரைவ் கசியவிடும் மின்னோட்டத்தில் நேர் மின்சாரம் கலந்திருந்தால் சாதாரண வகை ஈ.எல்.சி.பி. விழ வேண்டிய நேரத்தில் விழாமலும் போகலாம். எர்த்தைக் கழற்றிவிட்டால் ஈ.எல்.சி.பி. விழாது என்று யாராவது சொன்னால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உள்ளீட்டு ஒயரையும் ஒரு பார்வை பாருங்கள். முழு லோடில் 1.5 கிலோவாட் மோட்டாருக்காக டிரைவ் ஒருமுனையில் 14, 15 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய ஒயரில் எடுத்திருந்தால் மாலையில், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஓடும் வேளையில், அண்டர்வோல்ட்டேஜ் டிரிப் வரத் தொடங்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், இறுக்கமான நியூட்ரல் இணைப்பும் அதற்கு மருந்து. சோதிக்கும்போது டிரைவின் வெளியீட்டில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து 280, 300 என்று வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். துண்டு துண்டான அந்த அலையை அது சரியாக அளக்காது. டிரைவின் திரை காட்டுவதையே நம்புங்கள்.

ஏற்காட்டில் உங்கள் மைத்துனர் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பருக்கு இதே டிரைவை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் மலையின் உயரம் 1500 மீட்டர் அளவில் இருப்பதால் காற்று மெலிந்து டிரைவ் சற்றே மெதுவாகக் குளிரும். 1000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் திறனைக் கழிப்பது பொதுவான கணக்கு. 5 சதவீதம் பெரிதன்று. அங்கே உண்மையான பகை மார்கழி மாதத்துப் பனிமூட்டம். இரவில் குளிர்ந்த டிரைவின் மின்னணு அட்டையில் நீர் கோத்து, காலையில் மின்சாரம் கொடுத்ததும் தீப்பொறி பறக்கும். மூடிய பெட்டிக்குள் சிறிய ஹீட்டர் ஒன்றை இரவு முழுவதும் வைப்பதும், அறுவடை ஓய்ந்த மாதங்களிலும் அவ்வப்போது மின்சாரம் கொடுத்து வைப்பதும் அதற்குப் போதும். இங்கே சமவெளியில் பகை தூசி. விசைத்தறிப் பஞ்சும், சேகோ ஆலை மாவும், லேத்தின் வார்ப்பிரும்புத் தூளும் டிரைவின் விசிறியை அடைத்துவிடும். இவற்றில் வார்ப்பிரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சக்குக்கு நேர் எதிரே டிரைவை மாட்டாதீர்கள்.

டெல்டாவுக்கு மாற்றி எண்களைக் கொடுத்த பின், பெல்ட் இல்லாமல் 10, 25, 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு அந்த மூன்று வேகங்களுக்கான ஆம்பியர் அளவுகளையும் டிரைவ் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் 3 ஆம்பியரை ஒட்டி வந்தால் பெல்ட்டைப் போட்டு, முன்பு திணறிய அதே ஜாப்பில் அதே ஆழ வெட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஆம்பியர் 5.9க்குள் நின்று சக் தளராமல் சுற்றினால் வேலை முடிந்தது. அப்போதும் தளர்ந்தால், அந்த நேரத்து ஆம்பியர், ஹெர்ட்ஸ், உள் நேர் மின்னழுத்தம் மூன்றையும் குறித்து எழுதுங்கள். பெல்ட் வழுக்குகிறதா, மோட்டார் பின்தங்குகிறதா என்பதை அந்த மூன்று எண்களிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம்.